ரைடுக்கு பார்க், சாப்பாட்டுக்கு மதுரை

ஐப்பசி பொறந்தாச்சு. செகண்ட் இன்டர்னல்ஸ் முடிஞ்ச அன்னைக்குச் சாயங்காலமே உங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு போல் வந்து விழுந்திருக்கும். 'டூர் எங்க?' நாலு ஆப்ஷன். மூணு தீம் பார்க், ஒண்ணு கொடைக்கானல். மழைக்காலத்துல மலைப்பாதை வேண்டாம்னு ஹெச்.ஓ.டி. கொடைக்கானலை அடிச்சிடுவார். ஆக, ஐ.வி.ங்கிற பேர்ல காலையில ஒரு கம்பெனி வாசல்ல நின்னு போட்டோ, அதுக்கப்புறம் பார்க். வருஷா வருஷம் இதேதான்.

போன வருஷம் எங்க கிளாஸ்ல பணம் வசூல் பண்ணின ஆள் நான்தான். அதனால சில விஷயம் எனக்குத் தெரியும், சொல்லியாகணும்.

58 பேர்ல 47 பேர்தான் வந்தாங்க. வராத 11 பேர்ல நாலு பேருக்கு அன்னைக்கு 'சித்தி பொண்ணு கல்யாணம்'. ஒரே நாள்ல நாலு சித்தி பொண்ணுக்குக் கல்யாணம்! நானும் நம்பினேன். ஒரு மாசம் கழிச்சு மெஸ்ல உட்கார்ந்திருக்கும்போது அதுல ஒருத்தன் சொன்னான்: "பஸ்ஸு, டிக்கெட்டு கூட வீட்ல கேட்டு வாங்கிருவேன்டா. உள்ள போய் நீங்க எல்லாம் சாப்பிடும்போது நான் என்ன பண்றது?"

அவன் கேட்டதுல தப்பே இல்ல. நாங்க போனது வெளியூர் பார்க் ஒண்ணு. பேர் வேண்டாம். கேட்டுல பையைத் திறந்து பார்த்தாங்க. ஒரு பையனோட அம்மா பத்துப் பேருக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்து விட்டிருந்தாங்க, வாழை இலையில, மேல பேப்பர் சுத்தி. உள்ள விடல. பஸ்ஸுலயே வச்சுட்டு வந்தோம். உள்ள ஒரு பிளேட் வெஜ் பிரியாணி 240 ரூபாய். அதுல பீன்ஸ் நாலு துண்டு, உப்பு மட்டும் தாராளம். ராத்திரி திரும்பி வரும்போது அந்தப் புளியோதரையைத்தான் பஸ்ஸுல பிரிச்சுச் சாப்பிட்டோம். அன்னைக்கு நாங்க ருசிச்சுச் சாப்பிட்டது அது ஒண்ணுதான்.

"இது சட்டப்படி சரியா?"ன்னு குரூப்ல அப்பவே சண்டை. சினிமா தியேட்டர் விஷயத்துல 2023 ஜனவரியில உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கு: வெளிச் சாப்பாடு வேண்டாம்னு சொல்ல தியேட்டர்காரங்களுக்கு உரிமை உண்டு, ஆனா குடிதண்ணி இலவசமாக் கிடைக்கணும், கைக்குழந்தைக்குக் கொண்டு வர்ற சாப்பாட்டைத் தடுக்கக் கூடாது. அதுக்கு முன்னால 2018-ல ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம் வெளிச் சாப்பாட்டைத் தடுக்கக் கூடாதுன்னு சொன்னதை இந்தத் தீர்ப்பு மாத்திடுச்சு. பார்க்குக்காரங்களும் அதே வாதத்தைத்தான் வைப்பாங்க. அதனால கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்ல. குடிதண்ணி குழாய் எங்கன்னு மட்டும் வெட்கப்படாம கேளுங்க.

நான் பார்க்குக்கு எதிரி இல்ல. மேல இருந்து விழுற அந்த ரெண்டு செகண்டுக்காக ஒன்றரை மணி நேரம் வரிசையில நின்னவன். மெக்கானிக்கல் பசங்களுக்கு அங்க படிக்க வேண்டியதும் நிறைய இருக்கு. ரோலர் கோஸ்டர் லூப்பை நல்லாப் பாருங்க, முழு வட்டமா இருக்காது, கண்ணீர்த் துளி மாதிரி இருக்கும். முழு வட்டமா இருந்தா கீழே நுழையும்போது கழுத்துக்குத் தாங்காது. அதனால கீழ வளைவை அகலமாகவும் மேல குறுகலாகவும் வச்சாங்க. 1976-ல அமெரிக்காவுல வந்த வடிவம் இது. ஐ.வி.ன்னு லெட்டர்பேடுல எழுதிட்டுப் போறவங்க, அந்த ரைடோட மெயின்டெனன்ஸ் செக்ஷனைக் காட்டுங்கன்னு கேட்டாலே போதும், பாதி பாவம் தீரும்.

என் பிரச்சினை சாப்பாடுதான். கலிபோர்னியாவுல நாட்ஸ் பெர்ரி ஃபார்ம்னு ஒரு பெரிய தீம் பார்க் இருக்கு. அதோட ஆரம்பம் ஒரு பழத்தோட்டம். வால்டர் நாட்டுங்கிறவர் ரோட்டோரம் பெர்ரி பழம் வித்துட்டு இருந்தார். 1934-ல அவர் மனைவி கோர்டீலியா, தன்னோட கல்யாணத் தட்டுகள்ல எட்டுப் பேருக்குக் கோழி வறுத்துப் பரிமாறினாங்க. ருசி ஊர் முழுக்கப் பரவி, சாப்பிட மணிக்கணக்கா வரிசை. காத்திருக்கிற கூட்டத்துக்குப் பொழுது போகணுமேன்னு 1940-ல பழைய பேய் ஊர் மாதிரி செட் போட ஆரம்பிச்சாரு வால்டர். அப்படியே வளர்ந்ததுதான் பார்க். 1973-ல இருந்து அக்டோபர் ராத்திரிகள்ல அங்க பேய் திருவிழாவும் நடக்குது. டிஸ்னியோட எப்காட்லயும் 1995-ல இருந்து அவங்க இலையுதிர் காலத்தை ஒட்டி ஒரு சாப்பாட்டுத் திருவிழா நடக்குது. அங்க சாப்பிடுறதுக்காகவே டிக்கெட் எடுத்துப் போறவங்க இருக்காங்க. நம்ம ஊர் பார்க்குகள்ல சாப்பாடுங்கிறது வேற வழியில்லாம வாங்குற சாமான்.

நமக்கு இலையுதிர் காலம்னு ஒண்ணு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை நமக்குக் கூதிர். சித்திரை வெயில்ல மதுரையைப் பார்த்துட்டு 'ஊரே இவ்வளவுதான்'னு முடிவு கட்டின ஹாஸ்டல் மக்களுக்கு ஒரு வேண்டுகோள்: மழை பெஞ்ச மறுநாள் காலையில மேலூர் பக்கம் அரிட்டாபட்டிக்குப் போங்க. 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்ச இடம். பாறை, கண்மாய், குடைவரைக் கோயில், சமணப் படுக்கை, தமிழிக் கல்வெட்டு எல்லாம் ஒரே நடையில. கொஞ்சம் பொறுமையா வானத்தைப் பார்த்தா ராஜாளியும் தெரியும். அந்தப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகுதுன்னு ஊரே போராடி, 2025 ஜனவரியில அந்த ஏலம் ரத்தாச்சே, நியூஸ்ல பார்த்திருப்பீங்க. ஸ்டேட்டஸ் எல்லாம் வச்சோம். நம்ம கிளாஸ்ல எத்தனை பேர் நேர்ல பார்த்திருக்கோம்?

அங்கிருந்து அழகர்கோயில். ஐப்பசியில அழகர் மலையேறி நூபுர கங்கையில நீராடுற தைலக்காப்பு உற்சவம் நடக்கும். சித்திரையில ஆத்துல இறங்குற அழகரைத் தெரியும், ஐப்பசி அழகரைப் பாதிப் பேருக்குத் தெரியாது. பிரசாதமா ஒரு தோசை கிடைக்கும், மிளகும் சுக்கும் போட்டு நெய்யில சுட்டது, கையில எடுத்தா கனமா இருக்கும். மழைக்கு அதைவிடப் பொருத்தமான சாப்பாடு எனக்குத் தெரியல.

சாயங்காலம் டவுனுக்குள்ள. விளக்குத்தூண் பக்கம் தீபாவளிக் கூட்டத்துல ஒரு முனையில நுழைஞ்சா மறுமுனையில நீங்களே வெளிய வந்துடுவீங்க, நடக்கவே வேண்டாம். அது டிக்கெட் இல்லாத ரைடு. மழை தூறும்போது ஜிகர்தண்டா குடிக்கலாமாங்கிறது மதுரைக்காரங்களுக்குள்ளேயே தீராத வழக்கு. நான் பருத்திப்பால் கட்சி. கருப்பட்டியும் சுக்கும் தேங்காயும் போட்டு ஆவி பறக்க வரும். அப்புறம் தெப்பக்குளம் படிக்கட்டு, கையில பணியாரப் பொட்டலம். பஸ் காசோட சேர்த்துத் தலைக்கு 300 ரூபாய் தாண்டாது. சித்தி பொண்ணுக்குக் கல்யாணம் வைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் வராது.

இதை அப்படியே டைப் பண்ணிக் கிளாஸ் குரூப்ல போட்டேன். பசங்க கிட்ட இருந்து ஹார்ட் எமோஜி குவிஞ்சது. ஒரு தோழி மட்டும் தனியா மெசேஜ் பண்ணினா: "தெப்பக்குளம் நல்லாத்தான் இருக்கும். எங்க ஹாஸ்டல் கேட்டு ஆறரைக்குப் பூட்டிடும். பார்க்குன்னா சுவர் இருக்கு, கேட்டு இருக்கு, கூட ரெண்டு மேடம் வர்றாங்கன்னு வீட்ல விடுவாங்க. ஒரு நாள் முழுக்கக் கத்திக் கூப்பாடு போட எங்களுக்குக் கிடைக்கிற ஒரே இடம் அதுதான். அதையும் நீ பிடுங்காத."

ரெண்டு நாள் பதில் போடல. அவ சொன்னதுல எந்த இடத்தையும் என்னால மறுக்க முடியல. கட்டுரையைப் பாதி அழிச்சுத் திரும்ப எழுதினேன். ராத்திரி மதுரையைப் பத்தி நான் பக்கம் பக்கமா எழுதுறேன், அது ஆம்பளைப் பசங்களோட மதுரையா மட்டும் இருந்தா என்ன புண்ணியம்?

அதனால இப்ப நான் கேக்குறது இது. பார்க் இருக்கட்டும். ஆனா பணம் கட்டுறதுக்கு முன்னாடி கோஆர்டினேட்டர் அந்தப் பார்க்குக்குப் போன் போட்டு, குரூப்புக்குச் சாப்பாடு சேர்த்து என்ன ரேட், மதியம் வெளிய போய்ச் சாப்பிட்டுட்டு அதே டிக்கெட்ல உள்ள வர விடுவாங்களா, இந்த ரெண்டு கேள்வியைக் கேட்கட்டும். விடுவாங்கன்னா புளியோதரையை வெளிய மர நிழல்ல பிரிச்சுக்கலாம். இன்னொரு சனிக்கிழமை அரிட்டாபட்டி, அழகர்கோயில், தெப்பக்குளம். அதுக்கு ரெண்டு மேடம் கூட வரணும். அந்த ஒரு நாள் பெண்கள் ஹாஸ்டல் கேட்டை ஒன்பதரைக்குப் பூட்டணும்னு ஒரு லெட்டர். பசங்களும் கையெழுத்துப் போடணும், சும்மா ஹார்ட் போட்டா பத்தாது.

லெட்டர் டிராஃப்ட் ரெடி. வர்ற திங்கட்கிழமை மதியம் லைப்ரரி வாசல்ல நானும் அவளும் இருப்போம். பேனா நீங்களே கொண்டு வாங்க, போன தடவை ரெண்டு பேனா தொலைஞ்சு போச்சு.