வழியில் தங்கிவிடும் மின்சாரம்

போன வாரம் மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடை அக்கா ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, ரேடியோவுல அவ்ளோ பேசுறீங்க. மகளுக்கு யூனிவர்சிட்டில பிசிக்ஸ் கிடைச்சிருக்கு. அத படிச்சு இங்க என்ன செய்யிறது?"

மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1980களில் உருவான ஓர் இயந்திரத்தைப் பற்றிச் சொன்னேன். பேராசிரியர் லீ சிங் தலைமையில் பிறந்த சிறிய பிளாஸ்மா இயந்திரம் அது. அதன் இதயம் ஒரே ஒரு மின்தேக்கி. 15,000 வோல்ட்டில் அது சேர்த்து வைப்பது ஏறக்குறைய 3,300 ஜூல். ஆயிரம் வாட் ரைஸ் குக்கர் மூன்றே வினாடியில் தின்றுவிடும் சக்தி, அவ்வளவுதான்! ஆனால் இயந்திரம் அதை ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் மூன்று பங்கு நேரத்தில் கொட்டுகிறது. அந்தக் கணத்தில் மட்டும் அதன் வேகம், ஆயிரம் மெகாவாட் மின் நிலையத்துக்குச் சமம்.

கொட்டியதெல்லாம் போய்ச் சேருமா? அங்கேதான் வம்பு. தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை மஸ்ஜித் ஜாமெக் ரயில் நிலையத்திலிருந்து கூட்டம் ஒரே சந்தில் நுழைவதை நினைத்துப் பாருங்கள். திடீரென ஓட முடியாது. கம்பியிலும் அப்படித்தான். மின்னோட்டம் சட்டென ஏறும்போது அதன் காந்தப்புலமே குறுக்கே நிற்கும். சக்தியில் ஒரு பகுதி அதிலேயே சிக்கிக்கொள்ளும். இன்னொரு பகுதி சுவிட்சில் வெப்பமாகும். அதனால் வடங்களைக் குட்டையாக்கி, பலவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் இணைக்கிறார்கள். பல சந்துகளைத் திறந்துவிடுவது போல.

அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் உள்ள 'இசட்' இயந்திரம் 2 கோடி ஜூல் சேமிக்கிறது. எக்ஸ் கதிராகக் கிடைப்பது பத்தில் ஒரு பங்கு போல. அங்கே மின்சாரம் பாயும் பாதையில் தூய தண்ணீர்தான் காப்பு! அம்மாவிடம் சொன்னால் திட்டுவார். அந்தக் கண நேரத்துக்குத் தண்ணீர் தாங்கும். காற்றைவிட 80 மடங்கு சக்தியை அடக்கவும் செய்யும்.

1985-86இல் ஐக்கிய நாட்டுப் பல்கலைக்கழகத் திட்டத்தில் ஆசிய, ஆப்பிரிக்க ஆய்வாளர்கள் கோலாலம்பூர் வந்து, இந்தச் சின்ன இயந்திரத்தைத் தாங்களே கட்டிப் பழகினார்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் அது ஓடியது. பெரிய பணம் இல்லாத நாடுகள் நம் ஊரில் கற்றுக்கொண்டு போன வித்தை.

"மருத்துவமனையில நெஞ்சுக்கு ஷாக் குடுக்குறாங்களே, அதுலயும் மின்தேக்கிதான்க்கா. உள்ள வெச்சது எவ்வளவு, இதயத்துக்குப் போனது எவ்வளவுன்னு அங்கயும் கணக்குப் பார்க்கணும்" என்றேன்.

அக்கா சேலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "சரி, சம்பளம்?"

எனக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டுமாம். இந்தத் துறையில் வேலை செய்யும் வாசகர்கள் இருந்தால் எழுதுங்கள், கடையில் கொடுத்துவிடுகிறேன்.