இனிஷியல் இருக்க எதுகை எதற்கு?

ரெண்டாவதும் பெண். சேதி சொன்ன கையோடு சொந்தபந்தமெல்லாம் பெயர்ப் பட்டியல் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். பெரியவள் கயல்விழி. அதனால் சின்னவளுக்கு கவிஷா, கனிஷா, காவ்யா! "அக்கா தங்கச்சின்னு தெரிய வேணாமா?"

ஏன் மக்களே, அதுக்குத்தானே இனிஷியல் இருக்கு? இங்கே புனேயில் சர்நேம் கட்டத்தில் ரெண்டு பேருக்கும் என் பெயரைத்தான் நிரப்பப் போகிறேன். இதற்கு மேல் என்ன பொருத்தம்?

நிஜமான பிரச்னை மோனை இல்லை, 'ழ'. இஸட், ஹெச் என்று எழுதினால் இங்கே 'ஜ' என்றுதான் படிக்கிறார்கள். கிரெச்சில் பெரியவள் 'கயல்விஜி' ஆனது வாஸ்தவம். "இதுக்காவது அந்த ஊர்க்காரங்க வாயில நுழையற மாதிரி வைடா" என்கிறார் மாமா.

திலகரை இவர்கள் 'டிளக்' என்பார்கள். நாம் கற்றுக்கொண்டோமா இல்லையா? அவர்களும் கற்றுக்கொள்ளட்டுமே. நாலு தரம் சொல்லிக் கொடுத்தால் தானாக வருகிறது. நமக்குத்தான் சொல்லிக் கொடுக்கக் கூச்சம்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஆறு வயசுக்காரி மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, என் பேரு கஷ்டமா? அதான் பாப்பாவுக்கு வேற மாதிரி வைக்கறீங்களா?"

பட்டியலை அப்போதே கிழித்துப் போட்டேன்.

சின்னவள் பெயர் பூங்குழலி. தங்கமணியின் தேர்வு. அக்கா கண், தங்கை கூந்தல், பொருத்தம் போதாதா?

மாமா, இந்த ஊர்க்காரர்கள் இருக்கட்டும். முதலில் நீங்கள் 'பூங்குளலி' என்பதை நிறுத்துங்கள் :-)