பார்க்காத பிள்ளைக்குப் புத்தி இல்லையா?



கைகால் இறுகி, கழுத்து நிற்காமல் வளரும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் வருவது இது. டாக்டர்கள் இதைச் 'செரிப்ரல் பால்சி' என்பார்கள். இத்தகைய பிள்ளைக்குத் தைலம் தேய்க்கிறோம், கைகாலை நீவி விடுகிறோம், எப்போது நடக்குமோ என்று ஏங்குகிறோம். ஆனால், அதன் பார்வையை யாரும் கவனிப்பதில்லை. கூப்பிட்டால் முகம் பார்க்காவிட்டால், "இதற்குப் புத்தி இல்லை" என்று ஒதுக்கி விடுகிறோம். எவ்வளவு பெரிய அநியாயம்!

கண் பிடிக்கும் காட்சியை மூளைதான் புரிந்துகொள்ள வேண்டும். கைகாலை முடக்கிய அதே பாதிப்பு, பார்வைக்குரிய பாதையையும் கெடுத்திருக்கலாம். அப்போது கண் நன்றாக இருக்கும். பார்வை மட்டும் சரியாக இராது. மாறுகண்ணும், கண்ணாடி போட வேண்டிய குறையும் இப்பிள்ளைகளிடம் அதிகம்.

உங்கள் பிள்ளையைக் கவனியுங்கள். காலையில் பார்க்கிறது, களைத்தபின் பார்க்கவில்லையா? அசையும் பொருளைப் பார்த்து, அசையாததை விட்டுவிடுகிறதா? முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டுகிறதா? இவையெல்லாம் பார்வைக் குறையின் அடையாளமாக இருக்கலாம். கண்ணுக்கு எதுவும் படாவிட்டால் பிள்ளைக்குக் கை நீட்டவும், தலை தூக்கவும் ஆசை எப்படி வரும்?

வீட்டில் செய்யக்கூடியவை சில:

1. முதலில் முதுகுக்கும் தலைக்கும் அணை கொடுத்து உட்கார வையுங்கள். தலையை நிறுத்தவே பாடுபடும் பிள்ளையால் பார்க்க முடியாது.

2. ஒரு நேரத்தில் ஒரே பொருளைக் காட்டுங்கள். பளிச்சென்ற சிவப்பு அல்லது மஞ்சள் நல்லது. பூப்போட்ட பாத்தேக் துணிமேல் வைக்காமல், வெறும் கறுப்புத் துணிமேல் வையுங்கள்.

3. டிவியை அடைத்துவிட்டு, பொருளை மெல்ல அசைத்துக் காத்திருங்கள். அவசரம் வேண்டாம்.

4. தினமும் ஒரே குவளையில் பால் கொடுங்கள். தொடுமுன் பெயர் சொல்லிப் பேசுங்கள்.

இதனால் முழுப் பார்வை வந்துவிடும் என்று சொல்லவில்லை. இருக்கும் பார்வையைப் பயன்படுத்தப் பிள்ளை பழகும். சின்ன வயதில் தொடங்கினால் பலன் அதிகம்.

கிளினிக் டாக்டரிடம் கேட்டு, பெரியாஸ்பத்திரி கண் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். சமூக நல இலாகாவில் பிள்ளையைப் பதிந்து ஓ.கே.யூ. கார்டு எடுங்கள். 1984-இல் திரங்கானு பத்து ராக்கிட்டில் தொடங்கிய பி.டி.கே. மறுவாழ்வு நிலையங்கள் இன்று நாடெங்கும் உள்ளன. அருகில் உள்ளதை விசாரியுங்கள்.

பிள்ளையை இருட்டறையில் கிடத்தாதீர்கள். வாசலுக்குக் கொண்டு வாருங்கள். உங்கள் முகத்தை அது பார்க்கட்டும்!