வாடிக்கையாளரா, மாணவரா? தனியார் தொழில்நுட்பக் கல்வியும் மன்னார்க் கரையும்

இலங்கையில் தனியார் பல்கலைக்கழகம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இரு குரல்கள் ஓங்கி ஒலிப்பது வழக்கம். இலவசக் கல்விக்குத் தோண்டப்படும் சவக்குழி இது என்பது ஒரு குரல். அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்தும் அருமருந்து இது என்பது மற்றையது. முதலாவது குரல் அரச பல்கலைக்கழக மாணவர் ஒன்றியங்களுக்கு உரியது; இரண்டாவது ஆட்சியாளருக்கும் முதலீட்டாளருக்கும் உரியது. இவ்விரு குரல்களுக்கும் இடையே, அந்நிறுவனங்களில் கற்கின்ற மாணவனின் குரல் கேட்பதில்லை. அவற்றின் வாயிலைக் காணவும் வழியற்ற மாணவனின் குரல் அதனிலும் கேட்பதில்லை. முன்னவன் மாலபேயில் இருக்கிறான். பின்னவன் மன்னாரில் இருக்கிறான். இவ்விருவரையும் ஒருங்கே வைத்து நோக்காத எந்த விவாதமும் அரை விவாதமேயாகும்.

தனியார் பல்கலைக்கழகம் என்பது பேச்சு வழக்கு. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்திற் பின்னர் சேர்க்கப்பட்ட 25அ பிரிவு, ஒரு நிறுவனத்தைப் பட்டம் வழங்கும் நிறுவகமாக அங்கீகரிக்கும் அதிகாரத்தைத் துறைக்குப் பொறுப்பான அமைச்சரிடம் அளிக்கிறது. இவ்வழியாலும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டங்களை விற்கும் வழியாலும் தோன்றியவையே இன்று கொழும்பையும் அதன் சூழலையும் நிறைத்துள்ள சிறு தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்கள். இவற்றுட் பெரும்பாலானவை கணினி, பொறியியல், முகாமைத்துவம் ஆகிய மூன்றையே சுற்றிச் சுழல்வன. தமிழோ வரலாறோ மெய்யியலோ அங்கே ஒரு துறையாகத் தலைநீட்டுவது அரிது. எத்துறை சமுதாயத்துக்கு வேண்டும் என்ற கேள்விக்கு முன்னர், எத்துறை விலைபோகும் என்ற கேள்வி அங்கே விடை பெற்றுவிடுகிறது.

எனினும், அங்கு கற்கும் மாணவர் தம் கல்வியைப் பற்றிக் கூறும் நியாயங்களைச் செவிமடுக்காமல் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. குறித்த காலத்தில் விரிவுரைகள் தொடங்குகின்றன. குறித்த காலத்திற் பரீட்சைகள் நடைபெறுகின்றன. நான்கு ஆண்டுப் பட்டம் நான்கு ஆண்டில் முடிகிறது. வகுப்புகள் சிறியன, விரிவுரையாளர் மாணவனைப் பெயர் சொல்லி அழைக்கிறார். தொழிற்பயிற்சிக்கு நிறுவனங்களோடு தொடர்பு உண்டு. பகிடிவதைக்கு அஞ்சி ஒளிய வேண்டியதில்லை. இவற்றுள் எதனை அரச பல்கலைக்கழகம் மறுத்துரைக்க முடியும்? 1987க்கும் 1990க்கும் இடையிற் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் மூடிக்கிடந்தன. 2012இல் விரிவுரையாளர்கள் தேசிய உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு கோரி மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். கோரிக்கை நியாயமானது, ஆயின் அரசு இழைத்த தவற்றின் விலையை ஆண்டுகளாகச் செலுத்தியவன் மாணவன். பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் 1998இல் நிறைவேறியது. அதன் பின்னரும் அரச வளாகங்களில் அக்கொடுமை ஒழிந்தபாடில்லை. இந்நிலையில், காசு கொடுத்தேனும் காலத்தோடு கற்று வெளியேற விரும்பும் இளைஞனை வர்க்கத் துரோகியென ஏசுவது எளிது. அவனை அவ்வழியிற் செலுத்திய குறைகளைத் தம் வளாகத்திலேயே களைவது கடினம். கடினமானதை விடுத்து எளியதைத் தேர்ந்ததே அரச பல்கலைக்கழக மாணவர் இயக்கத்தின் முதற் பிழை.

இனி நாணயத்தின் மறுபக்கம். காலந்தவறாமை மட்டும் பல்கலைக்கழகமாகிவிடாது. புகைவண்டியும் காலந்தவறாமல் ஓடலாம். பயணி அதில் வினா எழுப்புவதில்லை, இறங்க வேண்டிய இடத்தில் இறங்கிப் போகிறான். சிறிய தனியார் தொழில்நுட்ப நிறுவனத்தின் மாணவன் இவ்வாறான பயணியாகவே நடத்தப்படுகிறான். தவணைக் கட்டணம் பிந்தினால் அவன் பரீட்சை மண்டபத்தின் வாயிலில் நிற்க நேரிடலாம். கட்டணம் உயர்ந்தால் அதை எதிர்த்துக் கூட்டாகப் பேசுவதற்குச் சட்டம் தந்த மேடை அவனுக்கு இல்லை. அரச பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒன்றியம் பல்கலைக்கழகச் சட்டத்தாலேயே ஏற்கப்பட்ட ஓர் அமைப்பு. 25அ நிறுவகத்தின் மாணவனுக்கு அந்தச் சட்டவலு வாய்க்கவில்லை. விரிவுரையாளருட் பலர் மணித்தியாலக் கணக்கில் ஊதியம் பெறுவோர். பாடம் முடிந்ததும் அடுத்த நிறுவனத்துக்கு விரைவோர். ஆய்வு செய்ய அவர்களுக்கு நேரமில்லை. செய்விக்க நிறுவனத்துக்கு ஆர்வமில்லை. பிற துறை மாணவனோடு ஒரே விடுதியில் இரவிரவாக வாதிட்டுத் தன் கருத்தைத் தானே திருத்திக்கொள்ளும் வாய்ப்பு அங்கில்லை. ஏனெனிற் பிற துறையே அங்கில்லை. கட்டணம் செலுத்தியவன் வாடிக்கையாளன் என்ற எண்ணம் நிர்வாகத்திடம் தோன்றி, ஈற்றில் மாணவன் உள்ளத்திலும் வேரூன்றிவிடுகிறது. பொருளிற் குறையிருப்பின் வாடிக்கையாளன் பணத்தைத் திருப்பிக் கேட்பான். அறிவிற் குறையிருப்பின் யாரிடம் எதைத் திருப்பிக் கேட்பது?

இதற்கான விடையைச் சைட்டம் என அறியப்பட்ட மாலபே நிறுவனத்தின் வரலாறு தெளிவாகத் தந்துள்ளது. அங்கு மருத்துவம் கற்றோரின் பட்டம் செல்லுமா என்பது வீதியிலும் நீதிமன்றத்திலும் ஆண்டுகளாகத் தொங்கியது. 2017 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றமும், 2018 செப்டெம்பரில் உயர் நீதிமன்றமும் பட்டதாரிகளின் பதிவுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தன. இதற்கிடையில் அரசு அந்நிறுவனத்தை ஒழிப்பதாக அறிவித்தது. மாணவர் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டனர். அதற்கும் முன்னர், 1980களில் றாகமையில் இயங்கிய வட கொழும்புத் தனியார் மருத்துவக் கல்லூரி 1989இல் அரசுடைமையாக்கப்பட்டது. இவ்விரு நிகழ்வுகளிலும் வென்றோர் யார், தோற்றோர் யார் என்பது பற்றி இன்றும் வாதிடலாம். ஆயின் அனுமதி அளித்தவன், முதலிட்டவன், எதிர்த்தவன் எவனும் இழக்காத ஆண்டுகளை மாணவனே இழந்தான் என்பதில் வாதத்துக்கு இடமில்லை. இலாபம் நிறுவனத்துக்கு, ஆபத்து மாணவனுக்கு என்பதே இவ்வமைப்பின் எழுதப்படாத விதி.

அரசுக்கும் தனியாருக்கும் இடையிலுள்ள வேலி எத்துணை மெல்லியது என்பதற்கு மற்றுமோர் எடுத்துக்காட்டு உண்டு. 1999இல் தொடங்கப்பெற்ற இலங்கைத் தகவல் தொழில்நுட்ப நிறுவகத்தின் அடித்தளத்தில் மகாபொல நிதியத்தின் பணம் இருந்தது. மகாபொல என்பது வறிய மாணவர்க்குப் புலமைப்பரிசில் வழங்குவதற்கென அமைந்த நிதியம். அந்நிறுவகம் அரச பிடியினின்று விலகிய முறையினை 2021இற் பாராளுமன்றத்தின் கோப் குழு கேள்விக்குள்ளாக்கியது. வறியவனின் பெயராற் சேர்ந்த பணத்தில் எழுந்த வாயிலில், கட்டணம் உள்ளவன் மட்டுமே நுழைய முடிகிறது என்பது சிந்தனைக்குரியது.

இப்போது மன்னாருக்கு வருவோம். உயர்கல்விக் கொள்கை எதுவாயினும் அதனை உரைத்துப் பார்க்கும் உரைகல் கொழும்பில் இல்லை. பேசாலையிலும் வங்காலையிலும் சிலாவத்துறையிலும் இருக்கிறது. நாட்டில் ஆண்டுதோறும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுகின்றனர். நான்கில் ஒருவருக்குச் சற்றுக் கூடுதலானோர்க்கே இடம் கிடைக்கிறது. பொறியியல், மருத்துவம் போன்ற துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் குடித்தொகை அடிப்படையிலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. மன்னார் அப்பதினாறில் ஒன்று. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் குடித்தொகை ஒரு இலட்சத்தைத் தொடவில்லை. குடித்தொகை சிறிதாயின் பங்கும் சிறிதே. எனவே பொறியியற் பீடத்தில் மன்னாருக்குக் கிட்டும் இடங்கள் கைவிரல்களால் எண்ணக்கூடியவை.

அச்சில இடங்களுக்கேனும் ஆயத்தமாவதற்கு வேண்டிய கணித, பௌதிக ஆசிரியர் அங்கு நிலைத்திருப்பதில்லை. 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் மாவட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டனர். தமிழ் மக்கள் மடுவுக்கும் கடல் கடந்தும் பலமுறை இடம்பெயர்ந்தனர். பாடசாலைகளும் அவர்களோடு இடம்பெயர்ந்தன. கால் நூற்றாண்டுப் போர் சிதைத்த ஆய்வுகூடத்தை ஐந்து வீதச் சலுகை கட்டியெழுப்பிவிடாது. இவ்வாறு அரச வாயிலில் இடம் கிடையாத மாணவனை நோக்கி, தனியார் வாயில் திறந்தே உள்ளது என்று கூறுவோர் உளர். அவ்வாயில் எவ்வளவு தூரம் திறந்துள்ளது?

2017இல் அரசு வட்டியில்லா மாணவர் கடன் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கத்தில் 8 இலட்சம் ரூபா வரை கட்டணத்துக்கு வழங்கப்பட்டது. வட்டி இல்லை என்பது உண்மை. முதல் இல்லாமற் போய்விடுவதில்லை. தாழ்வுபாட்டில் கரைவலை இழுக்கும் குடும்பத்துக்கு வருமானம் வாடையையும் சோளகத்தையும் பொறுத்தது. அதற்கு மேல், எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகள் வலையை அறுத்தால் அவ்வருமானமும் இல்லை. கடல் தவணை முறையில் மீன் தருவதில்லை. வங்கியோ தவணை முறையிலேயே கடனைக் கேட்கும். கட்டணத்தைக் கடனாற் செலுத்தினாலும் கொழும்பில் அறை வாடகைக்கும் உணவுக்கும் மற்றொரு கடன் வேண்டும். இவையெல்லாம் கைகூடினும் மொழி குறுக்கே நிற்கும். பதின்மூன்று ஆண்டுகள் தமிழிற் கற்றவன், முதல் நாளே ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கிறான். விளங்காததை விளங்கவில்லை என்று கூற நாணி, குறிப்பை மனனம் செய்கிறான். அவன் பட்டம் பெறலாம். பொறியியலாளன் ஆவானா என்பது ஐயம்.

இது ஒரு சில இளைஞரின் தொழில்வாய்ப்பு மட்டும் சார்ந்த பிரச்சினையன்று. மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனிக் காற்றாலையின் 30 சுழலிகள் 2020 முதல் நிற்கின்றன. தீவின் மணலில் உள்ள கனிமங்கள் மீது அந்நிய நிறுவனங்களின் கண் விழுந்துள்ளது. 2025இல் புதிய காற்றாலைகளுக்கும் கனிம மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் நாட்கணக்கில் வீதியில் இறங்கிப் போராடினர். மழைநீர் வடியும் வழி அடைபடுமா, நன்னீர் உவராகுமா, மீன் கரையை விட்டு விலகுமா என்பன அவர்கள் எழுப்பிய வினாக்கள். இவ்வினாக்களுக்கு விடை கூற வந்த நிபுணர்களோ வெளியிலிருந்து வந்தவர்கள். தன் நிலத்தடி நீரைத் தானே அளந்து, தன் வாதத்தைத் தன் மொழியில் தானே எழுதவல்ல நீரியலாளனையும் பொறியியலாளனையும் அக்கரை உருவாக்கிக் கொள்ளும்வரை, அதன் நியாயம் கோஷமாகவே நின்றுவிடும். மின்சாரம் ஆக்கும் சுழலிகளுக்கு இடமளித்த மாவட்டத்தில், அச்சுழலியின் இயக்கத்தைக் கற்பிக்கும் பல்கலைக்கழகப் பீடம் ஒன்றுகூட இல்லை.

அரசு சாராத கல்வி யாவும் தீதென்று கூறுவதும் வரலாற்றுக்குப் பொருந்தாது. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் நிறுவிய செமினரி அரச நிறுவனமன்று. ஆயினும் கணிதமும் வானியலும் அங்கு வறிய கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்பட்டன. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்கினார். மதம் பரப்பும் நோக்கம் அவர்களுக்கு இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அன்று மாணவன் விலை கொடுப்பவனாக நோக்கப்படவில்லை. தீது தனியார் என்ற சொல்லில் இல்லை. அறிவைச் சரக்காக்கும் உறவிலேயே இருக்கிறது.

தலைமன்னார் முனையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவில் தனுஷ்கோடி. அக்கரையின் அனுபவமும் நோக்கத்தக்கது. தமிழ்நாட்டில் 1980களில் சுயநிதிப் பொறியியற் கல்லூரிகளுக்கு வழி திறக்கப்பட்டது. அவை பெருகி, கல்லூரிகளின் தொகை ஐந்நூறைக் கடந்தது. பின்னர் பல கல்லூரிகளில் இடங்கள் வெறுமையாயின, சில மூடப்பட்டன. பட்டதாரிகள் பெருகிய அளவுக்குத் தொழில் பெருகவில்லை. எனினும் அங்கே அரசு ஒன்று செய்தது. 2021இல் நிறைவேறிய சட்டத்தால், பொறியியல் முதலிய தொழிற்கல்வி இடங்களில் 7.5 வீதம் அரசுப் பள்ளி மாணவர்க்கு ஒதுக்கப்பட்டது. சுயநிதிக் கல்லூரிகளும் இதற்குள் அடங்கும். அம்மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. தனியாரைக் கட்டுப்படுத்த முடியாது என்பது இயலாமையன்று, விருப்பமின்மையே என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுமா?

ஆகவே கோரப்பட வேண்டுவன தெளிவானவை. 25அ நிறுவகங்கள் ஒவ்வொன்றிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் ஒன்றியம் சட்டத்தால் உறுதி செய்யப்படல் வேண்டும். பதிவின்போது அறிவித்த கட்டணம் பட்டம் முடியும்வரை மாறாதிருத்தல் வேண்டும். நிறுவனம் மூடப்பட்டாலோ அங்கீகாரம் இழந்தாலோ மாணவனின் கல்வியைத் தொடர்வதற்கான வைப்புப் பணத்தை நிறுவனமே முன்கூட்டிக் கட்டுதல் வேண்டும். பின்தங்கிய மாவட்ட மாணவர்க்குக் கட்டணமற்ற இடங்கள் ஒதுக்கப்படல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகத்தின் கீழேனும், காற்று, நீர், கடல் ஆகியவற்றை மையமாகக் கொண்ட தொழில்நுட்பப் பீடம் ஒன்றை மன்னாரில் அரசு அமைத்தல் வேண்டும்.

இக்கோரிக்கைகளை முன்னெடுக்க வேண்டியோர் அரச பல்கலைக்கழக மாணவர்களே. 1945இற் கன்னங்கராவின் சீர்திருத்தத்தால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயனை நுகர்வோர் அவர்கள். அதன் காவலர் என்று தம்மை அழைத்துக் கொள்வோரும் அவர்கள். காவல் என்பது உள்ளே இருந்துகொண்டு கதவைச் சாத்துவதன்று. மாலபேயிற் கட்டணம் செலுத்திக் கற்பவனைத் தோழனாக ஏற்று, மன்னாரில் வாயிலுக்கு வெளியே நிற்பவனுக்காகக் கதவை அகலத் திறக்கும் போராட்டமே உண்மையான காவல். அதைச் செய்யாதவரை இலவசக் கல்வி பற்றிய முழக்கங்கள், இடம் கிடைத்தோர் தம் இடத்தைக் காத்துக்கொள்ள எழுப்பும் ஓசையாகவே மன்னார்க் கரையிற் கேட்கும்.