இங்கிலீஷ் தப்பைத் திருத்துங்கள், ஏளனம் செய்யாதீர்கள்!

தமிழைத் தப்பும் தவறுமாகப் பேசுகிறவரைப் பார்த்து நம் நாட்டில் யாரும் சிரிப்பதில்லை. “எனக்குத் தமிழ் சரியாக வராது” என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பெரிய மனிதர்களும் உண்டு. ஆனால் ஒரு நெசவாளியின் மகன் இங்கிலீஷில் ஒரு வாக்கியத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டால் போதும், வகுப்பே சிரிக்கிறது. இன்டர்வியூவில் எதிரே உட்கார்ந்திருப்பவர் உதட்டைப் பிதுக்குகிறார். மறுமுறை அந்தப் பையன் வாயே திறப்பதில்லை. இதனால் யாருக்கு என்ன லாபம்?

“தப்பு என்றால் திருத்த வேண்டாமா?” என்று கேட்பார்கள். அவசியம் திருத்த வேண்டும். அதில் நமக்கு வேறு அபிப்பிராயம் இல்லை. எப்படித் திருத்துவது என்பதுதான் பிரச்னை.

மாணவனின் தப்பு அறிவுக் குறைவால் வருவதல்ல. ‘கோ’ என்ற சொல்லுக்கு இறந்தகாலம் ‘வென்ட்’. அதை அறியாத குழந்தை ‘கோ’வுடன் ‘எட்’ சேர்த்துச் சொல்கிறது. லண்டனில் பிறந்த குழந்தையும் இப்படித்தான் சொல்கிறது. அது விதியைக் கற்றுவிட்டது. விலக்கைத்தான் இன்னும் கற்கவில்லை. பிட் கார்டர் என்ற பிரிட்டிஷ் மொழியியல் அறிஞர் 1967-ல் எழுதிய கட்டுரையில் இதை எடுத்துக் காட்டினார். மாணவன் எவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்பதை அவனது தப்புகளே ஆசிரியருக்குச் சொல்கின்றன என்பது அவர் கருத்து.

நம் பிள்ளைகளின் தப்புகளையே பாருங்கள். “வி டிஸ்கஸ்டு அபௌட் வேஜஸ்” என்று எழுதுகிறான். ஏன்? ‘கூலியைப் பற்றி விவாதித்தோம்’ என்பது தமிழ். ‘பற்றி’ என்பதை அவன் ‘அபௌட்’ ஆக்கினான். ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே அந்தப் ‘பற்றி’ அடங்கியிருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. “யெஸ்டர்டே ஒன்லி ஐ கேம்” என்கிறாள் ஒரு பெண். ‘நேற்றுத்தான் வந்தேன்’ என்பதிலுள்ள ‘தான்’ அங்கே ‘ஒன்லி’யாக வந்து நிற்கிறது. “ஹி செட் மீ” என்கிறான் இன்னொருவன். ‘சொன்னான்’ என்று நமக்கு ஒரே சொல். அவர்களுக்கு ‘செட்’, ‘டோல்ட்’ என்று இரண்டு. ‘மீ’ என்று கேட்பவரை நேராகச் சேர்த்தால் ‘டோல்ட்’தான் வர வேண்டும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

தமிழே இங்கே துணைக்கு வரும். “ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்” என்பது எங்கும் கேட்கும் தப்பு. ‘ஐந்து வருஷமாக’ என்று ‘ஆக’ வந்தால் ‘ஃபார்’. ‘காலையிலிருந்து’ என்று ‘இருந்து’ வந்தால் ‘சின்ஸ்’. இந்த ஒரு வரியைச் சொல்லிக் கொடுத்தால் பையன் ஆயுள் முழுவதும் மறக்கமாட்டான். பிறகு, தமிழில் நிகழ்காலம் போதும் இடத்தில் இங்கிலீஷ் ‘ஹேவ் பீன் ஒர்க்கிங்’ கேட்கிறது என்று அடுத்த படி ஏறலாம். காரணம் சொல்லாமல் சிவப்பு மையால் கோடு மட்டும் கிழித்தால் அவன் கற்றுக்கொள்வது ஒன்றே: பயம்.

இலக்கணம் வானத்திலிருந்து இறங்கியதா? 1762-ல் ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் இங்கிலீஷ் இலக்கணம் ஒன்றை வெளியிட்டார். அதில் ஷேக்ஸ்பியர், மில்டன் எழுத்துக்களிலேயே தப்புக் கண்டுபிடித்துக் காட்டினார்! அவர்களுக்கே அந்தக் கதி என்றால் நம் நெசவாளியின் மகன் எதற்காக வெட்கப்பட வேண்டும்? 1835-ல் மெக்காலே எழுதிய கல்விக் குறிப்பு, ஆள்வோருக்கும் மக்களுக்கும் நடுவே நிற்க இங்கிலீஷ் படித்த ஒரு சிறு கூட்டத்தை உண்டாக்க விரும்பியது. வெள்ளைக்காரன் 1947-ல் போய்விட்டான். இங்கிலீஷை வைத்து ஆளை அளக்கும் முழக்கோல் மட்டும் போகவில்லை.

ஆனால் எதிர்ப்பக்கத்திலும் ஒரு அபாயம் உண்டு. “பாவம், ஏழைப் பிள்ளை, எப்படி எழுதினால் என்ன?” என்று விட்டுவிடும் நல்லவர்கள் இருக்கிறார்கள். இது கருணை அல்ல, துரோகம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தப்பு செய்தால் தகப்பனார் சாப்பாட்டு மேஜையிலேயே திருத்திவிடுவார். தொழிலாளியின் பிள்ளைக்குப் பள்ளியைத் தவிர வேறு இடம் ஏது? அங்கே திருத்தாமல் விட்ட தப்பை வேலைக்கான மனுவில் வேறொருவர் கண்டுபிடிப்பார். அவர் திருத்தமாட்டார், மனுவைத் தள்ளிவிடுவார்.

ஆகவே ஆசிரியர்களுக்கும், மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்களுக்கும் நாம் சொல்வது இது. மாணவனை முழுதும் பேசவிடுங்கள், நடுவில் மறிக்காதீர்கள். பத்துத் தப்பு இருந்தால் பொருளைக் கெடுப்பது எதுவோ அதை முதலில் எடுங்கள். தமிழில் எப்படி, இங்கிலீஷில் எப்படி என்று இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். திருத்திய வாக்கியத்தை அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். யாராவது சிரித்தால், முதலில் அந்தச் சிரிப்பைத் திருத்துங்கள்.

இங்கிலீஷ் ஒரு கருவி. உளி பிடிக்கத் தெரியாத பையனைத் தச்சர் கேலி செய்து விரட்டுவதில்லை. கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுக்கிறார். பள்ளிக்கூடமும் அந்தப் பட்டறையைப் பார்த்துப் படிக்கட்டும்!