புகையில்லா அடுப்பு: கொடுத்தால் மட்டும் போதுமா?

விறகை மிச்சப்படுத்தவும், பெண்களைப் புகையிலிருந்து காக்கவும் மத்திய அரசு 1983-ல் புகையில்லா அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன. ஆனால் 2002-ல் திட்டம் கைவிடப்பட்டது. எண்ணிக்கையில் காட்டிய அக்கறை பராமரிப்பில் இல்லாததே முக்கியக் குறை. புகைபோக்கி அடைத்துக்கொண்டபோது வந்து பார்க்க ஆளில்லை.

2016-ல் உஜ்வலா காஸ் திட்டம் வந்தது. வெளிமாநிலத் தொழிலாளர்கள் முகவரிச் சான்றுக்குப் பதில் சுய உறுதிமொழி தந்தாலே போதும் என்று 2021-ல் சலுகையும் அளிக்கப்பட்டது. ஆயினும் சிலிண்டர் தீர்ந்தால் அடுத்ததை வாங்கக் கூலிப் பணம் எட்டாத வீடுகள் பல. அங்கே விறகு மீண்டும் எரிகிறது.

ஆகவே விறகடுப்பு வாங்குவோர் விலையை மட்டும் பார்க்கலாகாது. நம் பாத்திரம் அடுப்பு வாயில் சரியாக அமர்கிறதா? உள்ளிருக்கும் இரும்புச் சல்லடை கெட்டால் உள்ளூரில் கிடைக்குமா? புகைபோக்கி கூரைக்கு மேல் உயர்ந்து நிற்க வேண்டும். சாம்பலை நாள்தோறும் அள்ளுவதும், புகைக்கரியை மாதம் ஒருமுறை தட்டுவதும், மண் அடுப்பின் வெடிப்பை உடனே பூசுவதும் அவசியம். ஈர விறகைச் செருகினால் எந்த அடுப்பும் புகையத்தான் செய்யும்.

இனித் திட்டம் தீட்டுவோர் அடுப்போடு, அதைப் பழுது பார்க்கப் பகுதிக்கு ஓர் ஆளையும் தரட்டும்.