கடற்பசுவிற்கும் ஓர் இல்லம் வேண்டும்!

உடவளவையில் 1995ஆம் ஆண்டு அரசு ஓர் இல்லம் அமைத்தது. தாயை இழந்த யானைக்கன்றுகளைப் பாலூட்டி வளர்த்து, மீண்டும் காட்டிற்கே அனுப்பும் நற்பணி அங்கு நடைபெறுகிறது. அதனைப் பாராட்டுகிறோம். ஆனால், யானைக்கன்றுக்குக் காட்டப்படும் இரக்கம் மன்னார்க் கடலின் உயிர்களுக்கும் உரியதன்றோ?

கடற்புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியா எனும் கடற்பசுவும், கடலாமையும் மூச்சுவிட நீர்மட்டத்திற்கு வந்தே ஆகவேண்டும். வலையிற் சிக்கினால் மூச்சடைத்து மாளும். 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், பின்வந்த திருத்தங்களோடு, இவற்றைக் கொல்வதைத் தடுக்கிறது. எனினும், சட்டம் தண்டிக்குமேயன்றிக் காயத்திற்கு மருந்திடாது. காயமுற்ற ஆமையைக் கரைசேர்க்கும் மீனவன், தன்னையே குற்றவாளியாக்குவரோ என்று அஞ்சினால், அதனை ஒளிப்பானேயன்றி ஒப்படைக்கமாட்டான்.

ஆகவே, மன்னார்க் கரையில் மீட்பு நிலையம் ஒன்று எழவேண்டும். மாளிகை வேண்டா, கடல்நீர்த் தொட்டியும், விலங்கு மருத்துவரும், விரைந்து செல்லும் படகும் போதும். அது காட்சிச்சாலையாக மாறலாகாது. குணமானவை கடலுக்கே திரும்பவேண்டும். நள்ளிரவிலும் மீனவன் தமிழிற் பேசி உதவி கேட்க வழியிருத்தல் வேண்டும். உயிரைக் காக்க அறுத்த வலைக்கு நட்டஈடு கொடுக்கப்படல் வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு பாக்கு விரிகுடாவில் 448 சதுரக் கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. கடற்பசுவை விடுவித்த மீனவர்க்கு ஊக்கத்தொகையும் அளித்துள்ளது. கடற்பசு எல்லைக்கோடு அறியாது. அக்கரையிற் பிழைத்தது இக்கரையில் மாண்டால், இருகரையின் முயற்சியும் வீணே.

மீனவன் வயிற்றிலடித்து விலங்கைக் காத்தல் இயலாது. அவனைத் துணைகொண்டே காத்தல் இயலும். இதனை அரசு உணருமா?